ஆவுடையப்பன் போட்ட துண்டு

ஆவுடையப்பனின் ஈரிழைத் துண்டுக்கு இடம் பிடிப்பதுதான் தொழில். எத்தனையோ பஸ்களில் ஜன்னல் வழியாக விழுந்து சீட் பிடித்த அனுபவம் அதற்கு. ஆகவே அந்த இருபது மாடிச் சொகுசுக் கப்பலில், கடலைப் பார்த்த சாய்வு நாற்காலி மேல் அவர் போட்டுவிட்டுப் போனதும், காற்று பிய்த்தாலும் விடாமல் ஒட்டிக்கொண்டது.

"எங்க ஐயா இப்ப வந்துருவாரு" என்றது துண்டு.

"வரமாட்டார் தம்பி. உள்ளே பதினோரு ஓட்டல், நாலு சினிமா, பொய் அலை அடிக்கிற குளம். அதையெல்லாம் விட்டுட்டு இங்கே யார் வருவா?" என்றது நாற்காலி.

"வாயைக் கழுவுங்க அண்ணாச்சி! கடல் பார்க்கத்தான் அவரு டிக்கெட்டே எடுத்தாரு."

முதல் நாள் டால்பின்கள் துள்ளின. மூன்றாம் நாள் ஒரு திமிங்கலம் வாலைத் தூக்கிக் காட்டியது. "ஐயா, ஓடியாங்க!" என்று துண்டு தொண்டை கிழியக் கத்தியது. ஐயா அப்போது அலைக்குளத்து வரிசையில் நூற்றுப் பத்தாவது ஆளாக நின்றிருந்தார்.

ஏழாம் நாள், கப்பல் கரை சேர்ந்ததும் வந்தார். உட்காராமலே துண்டை உருவிக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் துண்டை மோந்து பார்த்து, மூக்கைச் சுளித்தபடி மனைவியிடம் கேட்டார்: "என்னடி இது, இவ்வளவு உப்பு வாடை? நாம கடல் பக்கமே போகலையே!"