ஐந்து கை உப்பு

பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. முருங்கைக்கீரைக் கூட்டு வைப்பது அவர்கள் பொறுப்பு. கீரை ஆய, பருப்பு வேகவைக்க, தக்காளி நறுக்க, தாளிக்க, அடுப்பைப் பார்க்க என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டார்கள். உப்புப் போடுவது யார் என்று மட்டும் பேசவில்லை. அதனால் ஐந்து பேருமே தனித்தனியாக வந்து உப்பு ஜாடியைத் திறந்தார்கள்.

ஜாடிக்குத் தலைகால் புரியவில்லை. ருசி பார்ப்பதற்கென்று வைத்திருந்த சின்னக் கரண்டி பக்கத்தில் காய்ந்து கிடந்தது.

"பாத்தியா தம்பி, அஞ்சு பேரும் என்னைத்தான் தேடி வந்தாங்க! உன்னை யாராவது தொட்டாங்களா?"

"தொட்டிருக்கலாம்ணே," என்றது கரண்டி.

முதல் வாயிலேயே ஐந்து முகமும் கோணிப்போயின. ஜாடி மூடிக்குள் கூனிக்குறுகியது.

அடுத்த வாரமும் அதே கூட்டுதான். இந்தத் தடவை ஐவரில் ஒருத்தியான செண்பகா கரண்டியைக் கையில் எடுத்தாள். எல்லோருடைய உள்ளங்கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டாள். நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சிட்டிகை," என்றார்கள். ஜாடியை ஒரே ஒரு முறை திறந்தார்கள்.

வாசனை பிடித்துப் பக்கத்துக் குழுவும் தட்டோடு வந்து நின்றது. சட்டியை வழித்தாயிற்று.

"உப்பு கச்சிதமா இருக்கே! போட்டது யாரு?" என்றார் டீச்சர்.

"நாங்க!" என்றார்கள் ஐந்து பேரும்.

ஜாடி நெஞ்சை நிமிர்த்தியது. "கேட்டியா தம்பி? அண்ணனை ஒரே தடவைதான் திறந்தாங்க!"

கரண்டியைப் பக்கத்துக் குழு இரவல் வாங்கிப் போயிருந்தது.