தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

"உங்களால ஆபீஸ்ல தலை காட்ட முடியலப்பா!"

மகன் செய்தித்தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வீசினான். 'ஆசிரியருக்குக் கடிதங்கள்' பகுதியில் இந்த மாதமும் அப்பாதான். 'தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களை எங்கள் தொகுதியிலிருந்து பிரிப்பது நியாயமா?' என்று கேட்டிருந்தார்.

தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைபடம் போடும் அலுவலகத்தில்தான் மகனுக்கு வேலை. காலையில் மேலதிகாரி அந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் ராகம் போட்டுப் படித்தார். "வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி வெச்சிருக்கீங்க போலிருக்கே!" என்றார். அப்போது சிரிக்காத ஆளே இல்லை. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது மகனுக்கு.

அப்பா அசரவில்லை.

"எழுதினதுல என்னப்பா தப்பு? ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மார்க்கெட், ஒரே ஆஸ்பத்திரி. ஓட்டுப் போடறதும் ஒரே பள்ளிக்கூடத்துல. நடுவுல கோடு கிழிச்சா என்ன அர்த்தம்?"

"ஊர் நியாயத்தை நீங்க ஒருத்தர்தான் குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?"

மருமகள் குழம்புக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஓட்டுன்னா மாமாவுக்கு அப்படி ஒரு கிறுக்கு. போன தடவை விடியறதுக்குள்ள போய் நின்னவர், உச்சி வெயில்லதான் திரும்பி வந்தார். கட்சிக்காரன்கூட அவ்வளவு நேரம் நிக்க மாட்டான்! அத்தை மட்டும் இங்க இருந்திருந்தா ஒரே அதட்டல்ல அடக்கியிருப்பாங்க."

அத்தை பேச்சு வந்ததும் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னொரு கடிதம் வந்தா என்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க, சொல்லிட்டேன்."

"கோடு முடிவாயிடுச்சா? இனிமே மாத்தவே முடியாதா?"

"முடிவாயிடுச்சு. வரைஞ்சதே நான்தான்! அந்தப் பக்கம் வேற தொகுதி. அவங்களுக்கு வேற பள்ளிக்கூடம்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்ப அவங்க யாரும் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டாங்களா?"

"எதுக்கு வரணும்? அந்தப் பக்கம் நமக்கு யாருப்பா இருக்கா?"

மகன் வாயை விட்ட பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணனும் தம்பியும் அடிச்சுக்கிட்டு வீட்டை வித்தீங்க. என்னை நீ கூட்டிக்கிட்டு வந்தே. பெரியவன் அவளைக் கூட்டிக்கிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டினான்" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. "அவன் வாசலை யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நீ சொன்னே. நானும் இதுவரைக்கும் மிதிக்கல."

மகனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கரண்டியைப் பிடித்தபடி மருமகளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார்.

"உங்கம்மாவை நான் பார்க்கறதே ஓட்டு வரிசையிலதான்டா."