அசையாமல் நின்றவர்

"மிச்சமிருக்கிற இந்த ஒரு வாடிக்கையாளரும் பணத்தை எடுத்துட்டா, நாளைக்கே கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றான் அவன், தலையில் கை வைத்தபடி.

உள்நாட்டுப் பங்குகளில் மட்டுமே முதலீடு செய்யும் சின்ன நிறுவனம். கணவன் நிர்வாகி, மனைவி கணக்கு. சந்தை வருடக்கணக்காகப் படுத்தே கிடந்ததில், மற்றவர்களெல்லாம் பணத்தை எடுத்து வெளிநாட்டுச் சந்தையில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியவர் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினீயர் ஒருவர்.

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எவ்வளவு நம்பிக்கை பாரு! நன்றி சொல்லி, காலைப் பிடிச்சாவது இருக்கச் சொல்லணும்."

"சும்மா இருக்கிறவரை எதுக்குங்க சீண்டுறீங்க?"

அவன் அவருடைய எண்ணை அழுத்திவிட்டான். மனைவி போனைப் பிடுங்குவதற்குள் மறுமுனையில் குரல் கேட்டுவிட்டது.

அவன் கொட்டித் தீர்த்தான். "நம்ம பங்கெல்லாம் இப்ப அடிமாட்டு விலைக்குக் கிடைக்குது சார். நல்ல கம்பெனிங்க, நல்ல லாபம். யாரும் திரும்பிப் பார்க்காததாலதான் இந்த மலிவு. எல்லாரும் ஓடினப்போ நீங்க மட்டும்தான் அசையாம நின்னீங்க. உங்களை நம்பித்தான் சார் எங்க அடுப்பே எரியுது!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியவர் தழுதழுத்தார்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்! உங்ககிட்ட பணம் போட்டதே எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. வெளிநாட்டுப் பங்கு வாங்கணும், பணம் கொடுங்கன்னு மருமகன் தினமும் உயிரை எடுக்கிறார். நாளைக்கே மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்துடுங்க."