முதலில் நிறம்

"பச்சை" என்றாள்.

அடுத்து உயரம். இடுப்பளவு.

அடுத்து கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அரைச் சாண்.

பெயர் கடைசியில்தான் வர வேண்டும். "புள்ளிமான். கூட்டமா நிக்குது."

டார்ச் வெளிச்சத்தில் மின்னும் கண்களை வைத்து மிருகங்களை எண்ணும் இரவுக் கணக்கெடுப்பில் இதுதான் முறை. பெயரை முதலில் சொல்கிறவர்கள் தங்கள் ஆசையைத்தான் சொல்கிறார்கள். 'சிறுத்தை, சிறுத்தை' என்று ஜீப்பை நிறுத்தியவர்களுக்கு அவள் எத்தனையோ முயல்களைக் காட்டியிருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வனக்காப்பாளர் அரளக் கூடாது, அவ்வளவுதான்.

டார்ச்சை மெல்ல நகர்த்தினாள். பாதையில் இரண்டு சிவப்புக் கங்குகள். அருகே போனதும் பறந்துவிட்டன. பக்கிக் குருவி.

மார் கனத்தது.

பாப்பா பிறந்து ஒன்பது மாதத்தில் அவளைப் பிரிந்திருக்கும் முதல் இரவு. பால் கட்டிக்கொண்டு வலித்தது. காக்கிச் சட்டைக்குள் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள். எப்போது வளைவு வரும் என்று காத்திருந்தாள்.

இந்தக் காட்டில் செல்போனுக்கு உயிர் வருவது ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில்தான். டிரைவர் சிக்கண்ணன் கோயிலுக்கு நிறுத்துவதுபோல அங்கே கட்டாயம் நிறுத்துவார்.

நிறுத்தினார்.

வீட்டுக்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கூடவே குரல். அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"இந்தா அம்மிணி, உன்ற மவளப் பாரு! நீ அங்க லைட்டடிச்சுத் தேடறது இங்க தொட்டில்லயே கெடக்குது."

சிக்கண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "காட்டுக்காரி பெத்ததுங்க. கண்ணு மின்னாம என்ன பண்ணும்?"

அவளும் சிரித்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

வீட்டில் கரண்ட் இல்லை போலிருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். பாப்பா வாயைத் திறந்து சிரிக்கிறாள். கீழே இரண்டு பல்.

ஒரு கண், எல்லார் வீட்டுப் போட்டோவிலும் வருகிற மாதிரி, சிவப்பு.

மற்றது வெள்ளை.

பழக்கம் தானாக ஓடியது.

நிறம், வெள்ளை.

உயரம், தொட்டில்.

இடைவெளி, அவள் முத்தமிடுகிற இடம்.

பெயர் வரவில்லை.

எந்த மிருகமும் ஒரு கண்ணை ஒரு நிறத்திலும் மறு கண்ணை வேறு நிறத்திலும் காட்டி அவள் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் தெரிந்தால் நடுவில் இலை இருக்கும். இல்லாவிட்டால் முகம் திரும்பியிருக்கும். பாப்பா நேராகத்தான் பார்க்கிறாள்.

மனுசக் கண்ணும் குரங்குக் கண்ணும் இப்படி மின்னுவதில்லை. காட்டுக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவளே சொல்வது.

டார்ச்சை எடுத்து சிக்கண்ணன் முகத்தில் அடித்தாள்.

"அட, கண்ணு கூசுதுங்க!"

ஒன்றும் மின்னவில்லை.

பின்சீட்டுக்குத் திருப்பினாள். கால்நடை மருத்துவர் நஸ்ரீன் அரைத்தூக்கத்தில் இருந்தார். திடுக்கிட்டு விழித்தார். அந்தக் கண்களிலும் ஒன்றுமில்லை. நஸ்ரீன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு மறு கையை போனுக்காக நீட்டினார்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"கண்ணுக்குள்ள ஏதோ வளர்ந்தா இப்படித் தெரியும்மா. கன்னுக்குட்டின்னா நானே பார்த்திருப்பேன். பாப்பாவ நாளைக்கே மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாளைக்கே."

காட்டில் எதற்கும் பயப்படாதவளுக்குப் பயம் வந்தது.

"கண்ணுக்கா டாக்டர், உசுருக்கா?"

"சீக்கிரம் போனா உசுருக்குப் பயமில்ல."

கண்ணைப் பற்றி நஸ்ரீன் எதுவும் சொல்லவில்லை.

துண்டு நனைந்துவிட்டது. பால் சட்டையைத் தாண்டி வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

போன் மறுபடி ஒலித்தது.

"தூங்க மாட்டேங்கறா. இன்னொன்னு எடுத்து அனுப்பட்டுமா?"

யாரும் சொல்லாமலே சிக்கண்ணன் ஜீப்பைத் திருப்பினார். இன்னும் பாதிக் காடு பாக்கி இருந்தது. குறுகிய வளைவு. முன்னும் பின்னுமாக ஒடித்தார்.

டார்ச் அவள் மடியில் எரிந்துகொண்டே இருந்தது. ஜீப் திரும்பத் திரும்ப, வெளிச்சம் தன் பாட்டுக்குக் காட்டைத் தடவிக்கொண்டு போனது.

உண்ணிச்செடிப் புதருக்குக் கீழே நின்றது.

அங்கே கண்கள். தரையோடு தாழ்ந்து, அகன்று, அசையாமல். இந்த இரவு முழுக்க மூவரும் தேடிக்கொண்டிருந்தது. சிக்கண்ணன் மூச்சை அடக்கினார். அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

அவள் நிறத்தைப் பார்க்கவில்லை. உயரத்தையும் பார்க்கவில்லை.

இரண்டும் ஒன்றுபோல எரிகின்றனவா என்று பார்த்தாள்.

எரிந்தன.