பிடியரிசி முட்டி

"உம்மா, அந்த முட்டியில அரிசி கிடக்குதானே? அதக் காய்ச்சித் தாங்களே!"

பாயில் கிடந்த சுல்பிகா, குசினியில் அடுப்பு மூலையிலிருந்த மண்முட்டியைக் காட்டினாள். காய்ச்சலில் கண்கள் குழி விழுந்திருந்தன. றாஹிலா மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

"அது அல்லாஹ்ட அரிசி மகள். நாம தொடப்படாது."

"அல்லாஹ்வுக்குப் பசிக்குமா உம்மா?"

"வாய மூடு!" என்று அதட்டியவள், அடுத்த நொடியே பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

மார்கழி வெள்ளத்தில் அவள் புருஷன் அபூசாலியின் தோணி போயிற்று. தோணியோடு அவனும் போய்விட்டான். வயல்காரப் போடியார் வீட்டு நெல்லைக் குத்தி, கூலியாகக் கிடைக்கும் அரிசியில்தான் தாயும் மகளும் உயிரைப் பிடித்திருந்தார்கள். வெள்ளம் வயலையும் வழித்துக்கொண்டு போனதால் குத்த நெல்லும் குறைந்துவிட்டது.

அந்த ஊரில் எந்த வீட்டிலும் உலை வைக்குமுன் பள்ளிவாசலுக்கென்று ஒரு பிடி அரிசியை முட்டியில் போடுவார்கள். வெள்ளிக்கு வெள்ளி சபூறா ராத்தா வந்து வாங்கிப் போவாள். றாஹிலாவின் அடுப்பு பல நாள் எரியவில்லை. ஆனாலும் எரியாத வேளைக்கும் சேர்த்தே அவள் அள்ளிப் போட்டாள். அபூசாலி பெண்சாதி பட்டினி கிடக்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. அதோடு, ஏழை வேறு எதைக் கொண்டு படைத்தவனுக்கு ஊழியம் செய்வாள்? அவன் பங்கைக் குறைக்காதவளை அவன் கைவிடுவானா? கூலி வந்ததும் முதலில் முட்டி. மிஞ்சியதுதான் கஞ்சி.

அன்றும் சபூறா வந்தாள். முட்டிக்குள் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"மாஷா அல்லாஹ்! ஒன்ட முட்டி ஒரு நாளும் குறையல்ல றாஹிலா. புள்ளைக்கு எப்படி?"

"காய்ச்சல்தான் ராத்தா. மாறிரும்."

"சோறு தின்னுறாளா?"

"ஓம் ராத்தா, தின்னுறாள்."

அடுத்த வெள்ளிக்குள் சுல்பிகாவை அடக்கம் செய்தாயிற்று. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்றது ஊர். காய்ச்சலைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை என்பது பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும்.

துக்கம் விசாரிக்க வந்த சபூறாவின் முன்னால் றாஹிலா முட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அது நிறைந்திருந்தது.

"எடுத்துட்டுப் போங்க ராத்தா. கடைசி மட்டும் இதத்தான் கேட்டுக் கேட்டு அழுதாள். நான் குடுக்கல்ல. அல்லாஹ்ட பங்கில நான் கை வைக்கல்ல."

சபூறா கையிலிருந்த ஓலைப்பெட்டி நழுவி விழுந்தது.

"என்னடி சொல்றாய்? அப்ப நீங்க பட்டினியாகவா கிடந்தீங்க?"

சபூறா அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, இந்த அரிசி பள்ளிக்கு எதுக்குடி? வாய் திறந்து கேக்க வெட்கப்படுறவங்கட ஊட்டுக்கு ஆருக்கும் தெரியாமக் கொண்டுபோய் வைக்கத்தானே! அந்த ஊடு எதுன்னு பார்க்கத்தான் ஊடு ஊடா வந்து முட்டிய எட்டிப் பார்க்கிறன். நீ ஒரு வெள்ளி வெறும் முட்டியக் காட்டியிருந்தாப் போதுமேடி!"