கேள்வியெல்லாம் கடைசியில்

மாலை வகுப்புக்கு வந்த புது ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார்.

"வெளியே என்ன வருதுன்னு அளந்து, உள்ளே திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் மெஷின் தன்னைத் திருத்திக்கும். இதுதான் பின்னூட்டம்!"

"சார், ஒரு சந்தேகம்..." என்று ஒரு மாணவி எழுந்தாள்.

"கேள்வியெல்லாம் கடைசியில. உட்காரும்மா!" என்றார், திரும்பாமலே.

நாளை தேர்வு. அவளுக்கோ ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கோளாறு தன் மண்டையில்தான் என்று பயந்து, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

மணி அடித்தது.

"ம், இப்பக் கேளும்மா."

"நாளைக்குப் பரீட்சைல சட்டைக்குக் கழுத்து வெட்டணும் சார். இதுல எதை வச்சு வெட்டறது?"

ஆசிரியர் திரும்பினார். "இது எலெக்ட்ரிகல் வகுப்பு இல்லையா?"

"தையல் வகுப்பு சார். உங்க வகுப்பு மாடியில."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எல்லாரும் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க?"