நூற்றுப் பதினெட்டாவது எச்சில்

“எனக்கும் வாய் உண்டு சாரே. அதுல எச்சிலும் உண்டு. பின்னே என்னைய மட்டும் ஏன் விட்டீங்க?”

துடைப்பத்தோடு அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் ஞானபாய். பாறசாலைப் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி அகிலேஷ் நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து நூற்றுப் பதினேழு பேருடைய எச்சிலை மேற்பார்வை பார்த்திருந்தான். எம்.பி.ஏ. படித்தால் இப்படியும் ஒரு பலன் உண்டு என்று கல்லூரியில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கையுறை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனை அது. வேலை பார்ப்பவர்கள் யாரும் போதைப்பொருள் தொடுவதில்லை என்று எச்சிலைச் சோதித்துச் சான்று அனுப்ப வேண்டும். அதற்காக லேபிலிருந்து லிஜி வந்திருந்தாள். பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் இரண்டு நிமிடம் அடக்கிக்கொண்டால் போதும். பத்து நிமிடத்தில் முடிவு.

“பட்டியல்ல உங்க பேரு இல்லியே அக்கா. அது ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்தது.”

“அது கெடக்கட்டு. நாளைக்குச் சர்ச்சுச் சபையில என்ன பேசுவாங்க தெரியுமா? எல்லாருக்கும் டெஸ்ட் செய்தாச்சு, ஞானபாய்க்குச் செய்தா மாட்டுவாண்ணு பயந்து விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க. நான் பெண்கள் சங்கத்துக்க செக்ரட்டரியாக்கும்!”

தன் சான்றுச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்த பொன்னையன் விடுவானா? அவன் கொதிகலன் பார்ப்பவன். வாயும் அதே சூட்டில்தான் இருக்கும்.

“அக்காவுக்குப் போதை ஒண்ணு உண்டு. எவனாவது தரையில குப்பை போட்டா அவனை ஏசணும். அது எச்சில்ல தெரியுமா மோளே?” என்று லிஜியைக் கேட்டான்.

“எலே பொன்னையா, முடிவு வர நேரமானப்ப ஒனக்க மொகத்தை நான் பாத்தேன். சுண்ணாம்பு அடிச்ச சுவரு தோத்துது.”

“அது… இருமல் மருந்து குடிச்சிருந்தேன்.”

“நீ இருமி நான் கேட்டதே இல்லியே!”

சிரிப்பை அடக்க முடியாமல் லிஜி பெட்டியைத் திறந்து பார்த்தாள். “சார், நூத்தியிருபது கிட் கொண்டு வந்தேன். மூணு மிச்சம் உண்டு. இந்தச் சேச்சிக்கு ஒண்ணு எடுத்தா என்ன?”

அகிலேஷுக்குக் கல்மனசு கிடையாது. அவன் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில், அவித்த கப்பைக் கிழங்கும் கட்டன் சாயாவும் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறவள் அவள்தான். ஒரு குச்சிதானே?

“செரி அக்கா, உக்காருங்க.”

குச்சியைக் கன்னத்தில் அடக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள் ஞானபாய். கம்பெனியே நிசப்தமானது.

“கர்த்தாவே, இந்த ரெண்டு நிமிஷத்தை ரெண்டு மணிக்கூறா மாத்தும்!” என்று பொன்னையன் ஜெபித்தான். பேச முடியாத ஞானபாய் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜெபம் அத்தோடு நின்றது.

பத்து நிமிடம் கழித்து, “சுத்தம்!” என்றாள் லிஜி.

“வாயால சொன்னாப் போராது மோளே. எல்லாருக்கும் குடுத்த மாதிரி சீட்டு வேணும்.”

கம்பெனிப் பெயர் அச்சிட்ட படிவத்தை எடுத்து அவள் பெயரை எழுதினான் அகிலேஷ். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“பணியாளர் எண் கேக்குது. உங்களுக்கு நம்பர் இல்லியே அக்கா.”

“கடைசி நம்பர் எது?”

“நூத்திப் பதினேழு.”

“அப்போ எனக்கு?”

ஒன்றாம் வகுப்புக் கூட்டலை எதிர்த்து ஒரு எம்.பி.ஏ. என்ன வாதாட முடியும்? 118 என்று எழுதினான்.

காலிக் கட்டத்தைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். ஆபீசில் பழகிய நம் எல்லாருக்கும் உள்ள வியாதிதான் அது. அடுத்த கேள்வியை அவனே கேட்டுவிட்டான்: “வேலைக்குச் சேர்ந்த தேதி?”

“ரெண்டாயிரத்திப் பதினாலு, ஜூன் ரெண்டு. எனக்க மக லிஷாவை ஒண்ணாங்கிளாசுல விட்டுட்டு நேரா இங்கதான் வந்தேன்.”

எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

“சீலு?”

“சபையில காட்டச் சீலும் வேணுமா?”

“எங்க சபையில சந்தேகக்காரங்க கொஞ்சம் கூடுதலாக்கும்.”

அதையும் குத்திக் கொடுத்தான். அவள் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “நீ நல்லா இருப்ப மக்கா” என்றாள். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய பெருமையில் அகிலேஷுக்கு அன்று சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கம்பெனி வக்கீல் அவனைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். “சின்ன விசாரணை. அப்படி ஒருத்தர் எங்க பட்டியல்ல இல்லைன்னு நீங்க சொன்னாப் போதும்.”

உள்ளே, எதிர் நாற்காலியில், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் ஞானபாய் உட்கார்ந்திருந்தாள்.

அகிலேஷ் திகைத்து முடிப்பதற்குள் வக்கீல் ஆரம்பித்துவிட்டார். “பதினோரு வருஷம் வேலை பார்த்தும் தன்னைப் பதிவு செய்யவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த அம்மா புகார் கொடுத்திருக்கிறார். இவர் எங்கள் பணியாளரே இல்லை. ஆதாரமாக ஒரேயொரு துண்டுக் காகிதம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்!”

ஞானபாய் நீட்டிய சீட்டைத் தொழிலாளர் அதிகாரி உரக்க வாசித்தார். “பணியாளர் உமிழ்நீர்ப் பரிசோதனை அறிக்கை. பணியாளர் எண் 118. சேர்ந்த தேதி 2-6-2014. கையெழுத்து உண்டு, சீலும் உண்டு… யாரு இந்த அகிலேஷ்?”

பெயருக்குக்கூட ஒரு சொட்டு எச்சில் இல்லாமல் காய்ந்துபோன வாயோடு, “நான்தான் சார்,” என்று எழுந்து நின்றான் அகிலேஷ். “அதுல உள்ளது அத்தனையும் சத்தியமாக்கும்.”